பைபாஸில் பறந்த மொட்டை

ஷோபா செல்போனை மகனின் முகத்துக்கு நேரே நீட்டினாள். அதில் ஓடிய வீடியோவில், புத்தூர் பைபாஸில் ஒரு பைக் முன்சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு பறந்தது. ஓட்டியவரின் முதுகும், சந்தனம் பூசிய மொட்டைத் தலையும்தான் தெரிந்தன.

“இன்னா யஸ்வந்த் இது? முந்தாநாளுதான் திருமலைக்குப் போய் மொட்ட போட்டுக்கினு வந்தே. பதினாறு வயசுல வீலிங் கேக்குதா?”

“அது நான் இல்லம்மா.”

“பைக்கு நம்மளுது. மொட்டையும் நம்மளுது. நீ இல்லன்னா வேற யாரு?”

அவள் கணவன் கோவர்த்தனன் தலையில் சுற்றியிருந்த துண்டைச் சரிசெய்தபடி குறுக்கிட்டான்.

“விடு ஷோபா, இந்த வயசு அப்டி. நாலு பேர் லைக் போட்டாத்தான் தானும் ஒரு ஆளுன்னு தோணும். பக்குவமா எடுத்துச் சொல்லணும்.”

எவ்வளவு நிதானமான மனிதர் என்று ஷோபாவுக்குப் பெருமையாக இருந்தது. மகனிடம் கையை நீட்டினாள்.

“சாவியக் குடு. இனிமே உனக்கு பைக் கெடையாது.”

“சாவி எங்கிட்ட ஏது? நான் கூட்டாளி வண்டியில பின்னாடி உக்காந்துகினு வீடியோதான் எடுத்தேன்” என்றான் யஸ்வந்த். “மலையில நைனாவும்தானே மொட்ட போட்டாரு?”

ஷோபா மெல்லத் திரும்பினாள். துண்டுக்குள் இருந்த இன்னொரு மொட்டை இப்போதுதான் அவள் நினைவுக்கு வந்தது.

கோவர்த்தனன் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து அவள் கையில் வைத்தான். பிறகு தாழ்ந்த குரலில் சொன்னான்:

“நானூறு லைக் வந்திருக்குது ஷோபா.”