பாடைச் சுழி

"இது பாடைச் சுழிம்மா. மாடு கட்டுன வூட்டு ஆம்பளையத் தூக்கிடும்" என்றார் மாட்டுத் தரகர் வீரமணி, பசுவின் முதுகு மயிரை விலக்கிக் காட்டி.

அருள்மொழி பதறிப்போய்க் குனிந்து அந்தச் சுழியைப் பார்த்தாள்.

"இன்னாண்ணா சொல்றீங்க? கன்னுக்குட்டியா வந்ததுலேர்ந்து நான்தானே குளிப்பாட்டுறேன். என் கண்ணுல படலியே!"

"உனக்கு எப்பிடித் தெரியும்? மாடு பாத்தே நரைச்ச தலைம்மா இது."

அவள் புருசன் மாரிமுத்து சிரித்தான். "அட, சும்மா இருங்கண்ணா. சுழியாவது ஒண்ணாவது!"

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. பயம் வந்துவிட்டால் அப்புறம் எல்லாமே சாட்சிக்கு வந்து நிற்கும் அல்லவா?

"மழையில நெல்லு முழுவிப் போச்சி. நீ வண்டிலேர்ந்து வுழுந்த. அய்யோ, எல்லாம் இதாலதானா?"

"குடிச்சிட்டு வுழுந்தேன்டி. மாடா தள்ளிவுட்டுது?"

"நீ குடிக்கிறதே இதாலதான்யா!"

சொசைட்டிக்கு அவள் ஊற்றுகிற பாலில்தான் மகள் நிவேதாவின் நர்சிங் படிப்பு ஓடுகிறது. மாரிமுத்து அதையும் எடுத்துச் சொன்னான். "புள்ள படிப்ப நெனச்சிப் பாருடி. மாட்ட வித்துட்டு இன்னா பண்ணுவ?"

"பாகூர்ல கல்லு மண்ணு சுமக்கறேன். நீ உசுரோட இருந்தாப் போதும்யா எனக்கு."

அழுதுகொண்டே கயிற்றை அவிழ்த்துத் தரகர் கையில் கொடுத்தாள். "அண்ணா, ஆம்பள இருக்கிற வூட்டுக்கு மட்டும் இத வித்துடாதீங்க. அந்தப் பாவம் எனக்கு வேணாம்" என்று கும்பிட்டாள்.

மாட்டை வேனில் ஏற்றிவிட மாரிமுத்துவும் கூடப் போனான். தெருமுனை திரும்பியதும் வீரமணி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நீ சொல்லச் சொன்னியேன்னு சொல்லிட்டேன் மாரி. எந்த மாட்டுக்குத்தான் சுழி இல்ல? அந்தப் பொண்ணு அழுவறதப் பாக்க முடியலடா."

"அதுக்கு இன்னாண்ணா பண்றது? புது பைக் எடுக்கணும், மாட்ட வித்துக் குடுடின்னு கெஞ்சிப் பாத்தேன், அடிச்சும் பாத்தேன். மசியவே இல்ல. என் உசுருக்கு ஆபத்துன்னு நீங்க சொன்னதும், அவளே அவுத்துக் குடுத்துட்டா பாருங்க!"