முதல்ல சொன்னது யாரு?

"ஆர்த்தி, மேடையில நீ வாயத் தொறக்கக் கூடாது. உன்னால நான் பட்ட அவமானம் போதும்."

மருமகளிடம் பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லிவிட்டு, வாயெல்லாம் பல்லாக விருந்தாளிகளை வரவேற்கப் போனார் நல்லசிவம்.

சிவகாசியில் காலண்டர் அச்சடிக்கிற நல்லசிவத்தைத் தெரியாதவர் கிடையாது. கை அரித்து ஒரு உள்ளூர் செய்திச் சேனலையும் ஆரம்பித்துவிட்டார். நடத்துவது ஆர்த்தி. அதை இன்றைக்கு, சென்னையில் பெரிய டி.வி. நடத்தும் மகேஷ்குமாருக்குக் கொடுத்துவிட்டுத் தலை முழுகுவதென்று முடிவு. கருத்தரங்கம் முடிந்ததும் மேடையிலேயே அறிவிப்பு.

தலைப்பு என்னவோ பெரிய தலைப்புதான். 'நாளைய தொழில்நுட்பம், நாளைய ஊடகம்'. கல்யாண மண்டபத்தில் நிற்க இடமில்லை. மதியம் பிரியாணி என்ற தகவலும் கசிந்திருந்தது.

மகேஷ்குமார் மைக்கைப் பிடித்தார்.

"எதிர்காலத்தை ஒரே வார்த்தையில சொல்றேன். வேகம்! லேட்டா வந்தா அதுக்குப் பேரு செய்தி இல்ல, சரித்திரம்!"

கைதட்டல்.

"போன மாசம் சாத்தூர் ரோட்டுல ஒரு பட்டாசு ஆலையில விபத்து. நாங்க சென்னையில உட்கார்ந்துக்கிட்டே உடனே கொடுத்தோம். இங்கேயே, கூப்பிடு தூரத்துல ஒரு சேனல் இருக்கு. அவங்க கொடுக்கிறதுக்குள்ள நாங்க விளம்பரம் போட்டு, சினிமாச் செய்தியும் போட்டு முடிச்சிட்டோம்!"

மண்டபமே சிரித்தது. ஆர்த்தி தலையைக் குனிந்துகொண்டாள். நல்லசிவத்துக்கு உடம்பெல்லாம் கூசியது.

அன்றைக்கு முதல் ஆளாக வண்டியை எடுத்துக்கொண்டு பறந்தவள் அவள்தானே? போனவள் வெகுநேரம் கேமராவையே திறக்கவில்லை. ஏம்மா என்று கேட்டதற்கு, "அங்கன வேற வேலை இருந்துச்சு மாமா" என்று முடித்துவிட்டாள். சேனல் நடத்துகிறவளுக்குச் செய்தியைவிட அப்படி என்ன வேலை?

மேடையில் இன்னொரு பெரிய ஆள் பிரீத்திகா. பெங்களூரில் செல்போன் ஆப் கம்பெனி நடத்துகிறவள். அவளுடைய ஆப்பில் இடம் கிடைத்துவிட்டால் எந்தச் சேனலுக்கும் சுக்கிர திசைதான். மண்டபமே சிரித்தபோதும் அவள் மட்டும் சிரிக்காமல்தான் உட்கார்ந்திருந்தாள்.

நிகழ்ச்சியை நடத்திய ரோஷினி சும்மா இருக்கவில்லை. "ஆர்த்தி மேடம், நீங்க பதில் சொல்லலையா?"

நல்லசிவம் முறைத்தார். அதற்குள் மைக் கைமாறிவிட்டது.

"சார் சொல்றது சரிதான். நாங்க லேட்டுதான். ஆனா, ஆளக் கண்ணால பாக்காம நான் எதையும் சொல்ல மாட்டேன்."

பிரீத்திகா விருட்டென்று நிமிர்ந்தாள்.

"என்ன சொன்னீங்க? இன்னொரு தடவை சொல்லுங்க."

"ஆளக் கண்ணால பாக்காம..."

"அய்யோ, அது நீங்கதானா?"

எழுந்து வந்து ஆர்த்தியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எங்கம்மா மாடத்தி அந்தப் பட்டாசு ஆலையிலதான் வேலை பாக்குறாங்க. போதும்மா, விடும்மான்னாலும் கேக்கிறதில்ல. ஆலைக்குள்ள போன் கொண்டுபோகக் கூடாது. எல்லாரும் கேட்டுல குடுத்துட்டுத்தான் உள்ள போகணும். அன்னைக்கு சாரோட டி.வி.யில, 'யாருமே போனை எடுக்கவில்லை, உள்ளே இருந்தவர்களின் கதி என்ன?'ன்னு ஓடுது. எனக்கு உசுரே போயிருச்சு. திரும்பத் திரும்ப அம்மா நம்பருக்குப் போட்டேன். கடைசியில யாரோ ஒரு பொம்பள எடுத்து, 'பதறாதீக. ஆளக் கண்ணால பாக்காம நான் எதையும் சொல்ல மாட்டேன். லைன்லயே இருங்க'ன்னாங்க. கொஞ்ச நேரத்துல எங்கம்மா பேசுறாங்க! அந்தப் புண்ணியவதி யாருன்னு கேக்கக்கூட எனக்குத் தோணல."

நல்லசிவம் மருமகளையே பார்த்தார். "என்னம்மா இது?"

"கேட்டு ரூம்ல அம்புட்டு போனும் அலறிக்கிட்டுக் கிடந்துச்சு மாமா. ஆளுக எல்லாம் தப்பிச்சு ஓடி, பின்னாடி பொட்டல்ல நின்னாக. வாட்ச்மேன் அண்ணாச்சியும் நானும் ஒவ்வொரு போனா எடுத்து, பேரைக் கேட்டு, ஆளத் தேடிக் குடுத்தோம். எல்லாரும் வீட்டுக்குப் பேசி முடிச்ச பொறகுதான் கேமராவ எடுத்தேன்."

"அடிப்பாவி மகளே! இதை ஏன் எங்கிட்ட சொல்லல?"

"போனை எடுத்துக் குடுத்ததையெல்லாமா மாமா சொல்லிக்கிட்டுத் திரிவாக?"

நல்லசிவத்துக்குக் கண் கலங்கிவிட்டது. துண்டால் துடைத்துக்கொண்டு மைக்கைப் பிடுங்கினார்.

"எல்லாரும் கேட்டுக்கோங்க! எங்க சேனல் யார் கைக்கும் போகாது. எம் மருமக கையிலதான் இருக்கும்!"

பின்வரிசையிலிருந்து விசில் பறந்தது.

"எங்க ஆப்புல இந்த மாவட்டத்துச் செய்தி இனிமே இவங்க சேனல்தான்" என்றாள் பிரீத்திகா. மண்டபம் அதிர்ந்தது. ஆர்த்தி, சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தாள்.

மகேஷ்குமார் சமாளித்துச் சிரித்தார். "ரொம்ப நல்ல மனசு, பாராட்டறேன். ஆனா மேடம், தொழில்னு பார்த்தா செய்தியை முதல்ல தந்தது நாங்கதானே?"

"இல்ல சார். எங்கம்மா உசுரோட இருக்காங்கங்கிற செய்திய முதல்ல தந்தது இவங்க. உங்க டி.வி.யில அது இன்னைக்கு வரைக்கும் வரவே இல்ல!"