இன்னொரு தாள்

“தம்பி, இன்னொரு தாள் ஒட்டுங்களேன். வெளிச்சம் மூஞ்சில அடிக்குது” என்றாள் அண்ணி.

தம்பிக்குச் சுருக்கென்றது. போட்டோ வெளிச்சத்துக்காகக் காலையிலிருந்து மெனக்கெட்டுச் செய்த பெட்டி அது. டிவி வந்த அட்டைப்பெட்டியில் ஒரு பக்கத்தை ஜன்னல் மாதிரி வெட்டி, உள்ளே அலுமினியத் தாள் ஒட்டி, விளக்கை வைத்து, ஜன்னலை பட்டர் பேப்பரால் மூடியிருந்தான்.

“ஒரு தாளே போதும் அண்ணி. வெளிச்சம் மெத்துனுதான் விழுது.”

“எனக்குப் போதல. எண்ணெய் வழியற மூஞ்சி மாதிரி தெரியும்.”

நாளை அண்ணன் கப்பல் வேலைக்குக் கிளம்புகிறான். திரும்பி வர ஒரு வருஷம் ஆகும். அம்மாவும் மனைவியும் பக்கத்தில் இருக்கிற மாதிரி ஒரு படம் வேண்டும் என்று கேட்டிருந்தான்.

அம்மா வந்து உட்கார்ந்ததே பெரிய விஷயம். எந்தப் படத்திலும் அவள் கண் மூடியே இருக்கும். போன தடவை, “கண்ணைத் திறம்மா, திறம்மா” என்று தம்பி கத்தப்போய், “என் கண்ணுக்கு ஒண்ணும் இல்லடா. உன் போட்டோவே வேண்டாம் போ” என்று எழுந்து போனவள்தான். அதற்கப்புறம் இன்றுதான் கேமரா முன்னால் வந்திருக்கிறாள்.

இரண்டாவது தாளை ஒட்டினான்.

“இன்னும் ஒண்ணு?” என்றாள் அண்ணி.

அம்மா, அண்ணன் காதருகே குனிந்தாள். “உன் பொண்டாட்டி சினிமாவுல நடிக்கப் போறாளாடா?”

“சும்மா இரும்மா. நாளைக்கு நான் நிம்மதியா கிளம்பணும்.”

“மெதுவாத்தானே சொன்னேன்.”

“பக்கத்து வீட்டுக்கே கேட்டிருக்கும் அத்தை” என்று அண்ணி சிரித்தாள். “தம்பி, அப்படியே அந்தத் தலையணை உறையையும் மேல போட்டுடுங்க.”

தம்பி பொறுமை இழந்தான். “அண்ணி, வெளிச்சம் குறையக் குறைய, கேமரா அதிக நேரம் திறந்திருக்கணும். யாராவது துளி அசைஞ்சாலும் மூஞ்சி கலங்கிடும். அப்புறம் என்னைச் சொல்லக் கூடாது.”

“நான் சிலை மாதிரி உட்கார்றேன். போடுங்க.”

போட்டான். அறைக்குள் சாயங்காலம் வந்த மாதிரி இருந்தது. அதுவரை தரையையே பார்த்துக்கொண்டிருந்த அம்மா தலை நிமிர்ந்தாள்.

“அசையாதீங்க... அப்படியே... ம், ஆச்சு.”

“அடுப்புல பால் இருக்கு” என்று அம்மா எழுந்து உள்ளே ஓடினாள். அண்ணன் பெட்டி கட்டப் போனான்.

தம்பி படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தான். முதலில் கண்ணில் பட்டது அண்ணிதான். அம்மா பக்கம் திரும்பியதில், அவள் முகம் தண்ணீரில் கரைந்த மாதிரி இருந்தது.

“நல்லாச் சிலையா உட்கார்ந்தீங்க அண்ணி! இவ்வளவு ஆர்ப்பாட்டம் பண்ணிட்டு, உங்க மூஞ்சிதான் தெரியல. வாங்க, இன்னொண்ணு எடுத்துடலாம்.”

அண்ணி சமையலறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினாள்.

“என் மூஞ்சி கிடக்கட்டும் தம்பி. அத்தை கண்ணு திறந்திருக்கா?”

அவன் படத்தைக் கொஞ்சம் நகர்த்தினான். அம்மா நேராகப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.