அசரியாவின் சட்டையில் பஜ்ஜி வாசனை

கிருபாவதி கணவரின் சட்டையை மூக்கில் வைத்து ஒரே இழுப்பாக இழுத்தாள். போலீஸ் நாய் பார்த்திருந்தால் வேலையை ராஜினாமா செய்திருக்கும்.

"மொளகா பஜ்ஜி," என்றாள்.

அசரியாவுக்கு ஸ்டென்ட் வைத்து ஏழு மாதம். எண்ணெய்ப் பலகாரம் தொட்டால் அடுத்தது நெஞ்சைத் திறக்கிற ஆபரேஷன்தான் என்று திருப்பதி டாக்டர் எச்சரித்திருந்தார். அன்றிலிருந்து மூன்று வேளையும் இட்லி. அவரைப் பார்த்து இட்லியே பரிதாபப்பட்டது.

வேதாகமத்தின் மேல் கை வைத்து, தொடவே இல்லை என்றார். அவள் நம்பவில்லை. இன்னொரு தடவை வாசனை வந்தால் வாக்கிங்கை நிறுத்தி, சித்தூரில் மகள் லீனா வீட்டுக் காவலில் வைத்துவிடுவதாக மிரட்டினாள்.

மறுநாள் மாலை வாக்கிங் கிளம்பியவர், கண்ணாடியை மறந்து பாதி வழியில் திரும்பினார். கதவு திறக்கப் பத்து நிமிஷம் ஆனது. உள்ளே எக்ஸாஸ்ட் ஃபேன் விமானம்போல் இரைந்துகொண்டிருந்தது.

"இன்னாத்துக்குத் திரும்பி வந்தீங்க?" வியர்வையைத் துடைத்தபடி அவள் சந்தேகமாகக் கேட்டாள். கண்ணாடியோடு அவர் மறுபடி கிளம்பியதும் வீட்டைப் பூட்டிக்கொண்டு பின்தொடர்ந்தாள்.

பதினோரு பஜ்ஜி வண்டிகளைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் கடந்தவர், யுனிவர்சிட்டியின் பின்பக்கத்து ஷெட்டுக்குள் நுழைந்தார். அங்கிருந்து ஊருக்கே பசியெடுக்கும் வாசனை. பிடித்தாயிற்று என்று பாய்ந்தாள் கிருபாவதி.

உள்ளே அடுப்பும் இல்லை, வாணலியும் இல்லை. ஒரு மைக்ரோவேவ்; பக்கத்தில் குடுகுடுவென்று ஒரு என்ஜின்.

ஆராய்ச்சி மாணவி யாமினி விளக்கினாள். பொரித்து மிஞ்சிய எண்ணெயோடு மெத்தனாலும், வினையூக்கியாகச் சுட்ட முட்டை ஓட்டுப் பொடியும் கலந்து மைக்ரோவேவில் வைத்தால் ஐந்தே நிமிஷத்தில் டீசல். அதில் ஓடும் என்ஜின் புகைதான் இப்படி மணக்கிறது. வாரம் தவறாமல் இரண்டு லிட்டர் எண்ணெய் கொண்டுவருவது அங்கிள்தான்.

கிருபாவதியின் கண் கலங்கியது. "தப்பா நெனச்சிக்கினேங்க." ஆனால் சந்தேகம் அவ்வளவு லேசில் விடுமா? "அவ்ளோ எண்ணெய் எந்தப் பஜ்ஜிக் கடையில வாங்கிக்கினு வர்றீங்க?"

அசரியா தலையைக் குனிந்துகொண்டார்.

"கடையில இல்ல கிருபா. நான் வாக்கிங் போனப்புறம் நீ சுட்டுத் துன்றியே, அந்த எண்ணெய்தான்."