கருங்கல் கசியும் இடம்

"அக்கா, கருங்கல்லுல தண்ணி கசியுமா?"

கேட்டவளின் கண், மலைப்பாதையில் முன்னால் ஏறிக்கொண்டிருந்த நிலவியல் பேராசிரியரின் முதுகில் இருந்தது. சிரித்து யாரும் பார்த்ததில்லை என்பதால் மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் கருங்கல். அவளுக்கு வைத்த பெயர் வானொலி, வாய் ஓயாது. அவர் முன்னால் மட்டும் வானொலிக்குக் கரண்ட் போய்விடும்.

மலையேற்றத்துக்கு வழிகாட்டியாக வந்த பெண் சிரித்துவிட்டாள். "கல்லு விடாது. ஆனா அதுலயும் விரிசல் இருக்கும். மேல பெய்யற மழை அது வழியா இறங்கி, கீழ எங்கேயாவது சுனையா வந்துடும். ஏன், அவர்கிட்ட உனக்கு என்ன ஆகணும்?"

"அம்மாவுக்கு ஆபரேஷன் நடந்த அன்னிக்குப் பரீட்சை. நான் போகலை. திரும்ப எழுத அவர் விடலேன்னா ஒரு வருஷமே போச்சுக்கா. கேக்கலாம்னு போனா நாக்கு ஒட்டிக்குது."

"அங்க என்ன பேச்சு?" மேலிருந்து வழிகாட்டிக்குத்தான் அதட்டல். "பாசி வழுக்கும்னு தெரியாதா? காலைப் பார்த்து வை!"

காலையிலிருந்தே இப்படித்தான். தொப்பி போடவில்லை என்று ஒரு பாட்டு, இவ்வளவு பெரிய பை எதற்கு என்று ஒரு பாட்டு. மாணவர்களை விட்டுவிட்டு அவளையே கரித்துக்கொட்டினார். வானொலிக்கு மனசு கேட்கவில்லை.

"பாவம்க்கா நீங்க. எப்படித்தான் பொறுத்துக்கறீங்களோ!"

"பழகிடுச்சு. எனக்கும் அவர்கிட்ட ஒண்ணு சொல்லணும். சுனைகிட்ட சொல்லலாம்னு வெச்சிருக்கேன். முதல்ல நான் போறேன், அப்புறம் நீ போ."

சுனை வந்தது. பாறை விரிசலிலிருந்து நீர் சொட்டிச் சொட்டிக் குழியில் தேங்கியிருந்தது. மாணவர்கள் பாட்டில்களோடு முண்டியடித்தார்கள். எல்லாரும் நகர்ந்ததும் வழிகாட்டி அவரிடம் போய்க் காதோரம் ஏதோ சொன்னாள்.

கருங்கல் கண்ணாடியைக் கழற்றினார். பாறைப் பக்கம் திரும்பிக்கொண்டு, சுனை நீரை முகத்தில் வாரி வாரி அடித்துக்கொண்டார்.

'போ' என்று கண்ணைக் காட்டினாள் வழிகாட்டி. வானொலி ஓடிப்போய் ஒரே மூச்சில் ஒப்பித்தாள்.

"திங்கக்கிழமை வந்து எழுது." அவர் குரல் கரகரத்தது. "அம்மா இப்ப எப்படி இருக்காங்க? இதை முன்னாடியே சொல்றதுக்கு என்னம்மா?"

இறங்கும்போது அவள் வழிகாட்டியின் கையை விடவே இல்லை. அப்படியே கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

"என்ன மந்திரம்க்கா போட்டீங்க? சார்கிட்ட என்னதான் சொன்னீங்க?"

"மந்திரமெல்லாம் ஒண்ணுமில்லை. 'அப்பா, நீங்க தாத்தா ஆகப்போறீங்க'ன்னு சொன்னேன்."