ஒற்று வேலை

"கதவுல ஒட்டினது யாருன்னு தெரியாம இந்த அறையை விட்டு ஒருத்தரும் வெளியே போக முடியாது!"

பொருளாளர் மேசையைத் தட்டிய வேகத்தில் நான்கு பேருடைய டீயும் தளும்பியது.

முதலாளி இல்லாத பத்திரிகை அது. வாசகர்களின் நன்கொடையில் ஓடுகிறது. நடத்துவது நான்கு பேர் கொண்ட குழு. எந்த அலுவலகத்திலும் ஒளிவுமறைவு கூடாது என்று வாராவாரம் ஊருக்கு உபதேசம் செய்கிற அந்தப் பத்திரிகையில், போன கூட்டத்தில் கமுக்கமாக ஒரு தீர்மானம் போட்டார்கள். 'கூட்டத்தில் பேசுவதை இனி வாசகர்களுக்கு சொல்ல கூடாது.' எழுதியவர் பொருளாளர். மறுநாள் காலையில் அது தட்டச்சாகி வாசல் கதவில் ஒட்டியிருந்தது. போகிறவர் வருகிறவரெல்லாம் படித்துச் சிரித்தார்கள்.

"என்னை ஏன் பாக்கறீங்க?" என்றார் ஆசிரியர். "எதிர்த்தேன், ஆமா. அதை உங்க முகத்துக்கு நேராத்தான் சொன்னேன். ஒட்டினது நான் இல்லை."

"அப்படியா மேடம்? நான் எழுதினதுல இல்லாத ரெண்டு எழுத்து கதவுல இருந்துச்சே! 'வாசகர்களுக்குச் சொல்லக் கூடாது'ன்னு ஒரு ச், ஒரு க். திருட வந்த இடத்துல வீட்டையும் பெருக்கி வச்சிட்டுப் போயிருக்காங்க!"

குழுவிலிருந்த வக்கீல் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். தலைவர் எந்தப் பக்கமும் சாயாதவர். நாற்காலியில் மட்டும் சாய்ந்திருந்தார்.

பொருளாளர் ஆளுக்கொரு தாள் கொடுத்தார். "அதே தீர்மானத்தைச் சொல்றேன், எழுதுங்க. யாரு ஒற்று போடறாங்களோ, அவங்கதான்."

ஆசிரியர் பேனாவை எடுத்தார். அந்த இரண்டு எழுத்தை விட்டுவிட்டால் தப்பிவிடலாம். பேனாகூடச் சற்று நின்றது. ஆனால் தெரிந்தே தப்பாக எழுதக் கை ஒப்பவில்லை. இரண்டையும் போட்டுவிட்டார்.

வக்கீலின் தாளில் ஒற்று மட்டுமல்ல, 'வாசகர்'களின் 'ர்'கூடக் காணோம். தலைவரின் தாளிலும் ஒற்று இல்லை.

"நான் கணக்கு வாத்தியாரா இருந்தவன்" என்று சிரித்தார் தலைவர். "ஒற்றுன்னா எனக்கு வேவு பாக்கறதுதான் தெரியும்."

"பிடிச்சாச்சு!" பொருளாளர் அங்கேயே எழுதினார். 'ஆசிரியரை இன்றே பணியிலிருந்து நீக்க தீர்மானிக்கிறோம்.' வக்கீல் கையெழுத்துப் போட்டார்.

இந்தப் பத்திரிகையை விட்டால் ஆசிரியருக்கு வேறு உலகம் கிடையாது. இவர்கள் முன்னால் அழுதுவிடக் கூடாதே என்று பல்லைக் கடித்துக்கொண்டார்.

"ரெண்டு எழுத்துக்காக ஒருத்தர் வேலையைப் பறிக்கறதா? கொஞ்சம் யோசிப்போமே" என்று இழுத்தார் தலைவர்.

"போடுங்க தலைவரே. இல்லன்னா நீங்களும் உடந்தைன்னு ஆயிடும்."

தலைவர் பெருமூச்சுவிட்டுத் தாளை இழுத்தார். ஒருமுறை படித்தார். சோற்றில் கல் கடிபட்டவர்போல முகத்தைச் சுளித்தார்.

கையெழுத்துப் போடப் போன பேனா, போகிற வழியில் தன்னையறியாமல் நின்று, 'நீக்க'வுக்கும் 'தீர்மானிக்கிறோ'முக்கும் நடுவே ஒரு 'த்' போட்டது.