சிந்தாத மிஷின்

"பெரிம்மா, வெளையாடாத. அந்த மிஷின் வாணாம்" என்றான் தேவேந்திரன்.

சம்பூர்ணம் காதில் போட்டுக்கொண்டதாகவே தெரியவில்லை.

பழைய நெல் அறுப்பு மிஷின்கள் விற்கும் இடம் அது, செங்கல்பட்டு பைபாஸ் ஓரம். சின்னக் கழனிக்குத் தோதாக இரண்டே மிஷின்கள்தான் நின்றன. இரண்டையும் பக்கத்துக் கழனியில் ஒரு சுற்று ஓட்டிக் காட்டச் சொல்லியிருந்தாள்.

சொந்த மிஷின் வைத்துக்கொள்ளும் அளவுக்கு அவள் ஒன்றும் பண்ணைக்காரி இல்லை. ஆனால் சுற்றியிருந்த கழனியெல்லாம் பிளாட் ஆகிவிட்டது. நடுவில் மிச்சமிருக்கும் ஒற்றைக் கழனிக்காக எந்த வாடகை மிஷின்காரன் வருவான்? போன போகத்தில் நெல் முற்றிச் சாய்ந்து வீணானதுதான் மிச்சம். இந்த முறை ரோட்டோரத் துண்டு நிலத்தை விற்றுவிட்டு மிஷின் வாங்கவே வந்துவிட்டாள்.

"அண்ணா, அம்மா எங்கனா ஏமாந்துடப் போவுது. நீ மெக்கானிக்கு, கூடப் போ" என்று நாவலூரிலிருந்து போன் பண்ணியிருந்தான் அவள் மகன் தீனா. அவனுக்கு நேரமில்லையாம். என்றைக்குத்தான் இருந்தது?

முதல் மிஷின் போன தடத்தில் ஒரு நெல்மணிகூடச் சிந்தவில்லை. இரண்டாவது மிஷினின் பின்னால் வைக்கோலோடு நெல்லும் சேர்ந்து கொட்டியது. சம்பூர்ணம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து வைக்கோலை விலக்கி விலக்கிப் பார்த்தாள். சரியான கருமி, ஒரு மணியைக்கூட விடமாட்டாள் என்று நினைத்துக்கொண்டான் தேவேந்திரன்.

எழுந்து வந்து சிந்துகிற மிஷினைக் காட்டினாள். "இதயே எடுத்துக்கறேன்."

விற்கிற கிருபாகரனுக்கே மனசு கேட்கவில்லை. "யம்மா, ரெண்டும் ஒரே வெலதான். இதுல சல்லடை போயிடுச்சி. ஒனக்கு இதுதான் வேணும்னா, நானே புதுசு போட்டுத் தரேன். துட்டு வாணாம்."

"சல்லடைய மாத்தாத நைனா. அப்டியே இருக்கட்டும்."

தேவேந்திரனுக்கு வந்ததே கோபம். அவளைத் தனியே கூட்டிப் போனான்.

"ஒனக்கு இன்னா பித்தா புடிச்சிகீது? வெளஞ்சத மண்ணுல கொட்டவா மிஷினு வாங்கற? தீனா கேட்டா நான் இன்னா சொல்றது?"

"கொஞ்சந்தானேடா சிந்துது?"

"கொஞ்சம்தான் ஏன் சிந்தணும்?"

சம்பூர்ணம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"மொதல்ல அறுப்புன்னா சாராளு, முனியம்மா எல்லாம் அறுக்க வருவாங்க. மிஷினு வந்து அவங்க வேலை பூட்ச்சி. ஆனா அறுத்த கழனில சிந்துன நெல்லு பொறுக்கறவங்களுக்குத்தானே? கோழிக்கு ஆவும்னு இன்னிக்கும் மொறத்த எடுத்துகினு வராங்க. சிந்தாத மிஷினு வாங்குனா எதுக்குடா வருவாங்க?"

தேவேந்திரனுக்குக் கோபம் போன இடம் தெரியவில்லை. பெரியம்மாவைப் போய்க் கருமி என்று நினைத்தோமே என்று வெட்கமாக இருந்தது.

"அவ்ளோதானே? நல்ல மிஷின வாங்கு. அறுத்ததும் ஆளுக்கு ஒரு மூட்ட குடுத்துடு. அவங்களுக்கும் நல்லது."

"குடுத்தும் பாத்துட்டேன்டா" என்றாள் சம்பூர்ணம். "மூட்டையா குடுத்தா வாங்கிகினு அப்பவே வூட்டுக்குப் பூடறாங்க. பொறுக்கறதுன்னா பொழுது சாயற வரிக்கும் எங்கூட பேசிகினு இருப்பாங்க."